பிரித்துக் கட்டிய பவர் டில்லர் என்ஜின்: கோளாறு எங்கே என்று கண்டறிவது எப்படி?

திருவண்ணாமலை மாவட்டத்தில் கார்த்திகை தீபம் முடிந்ததும் நவரைப் பட்டத்துக்கான வேலைகள் தொடங்கி விடுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரியும் கிணறும் நிரம்பியிருக்கும் அந்தச் சில வாரங்களில் சேற்றுழவை முடித்தால்தான் நடவு பட்டத்தில் நடக்கும். குறுகிய கால ரகங்களின் நாற்று 25 நாளைத் தாண்டினால் நட்ட பிறகு தூர் கட்டுவது குறைகிறது. ஆகவே சேறு அடிக்க வேண்டிய வாரத்தில் பவர் டில்லர் நின்று விட்டால், அது வெறும் இயந்திரக் கோளாறு அல்ல. அந்தப் பட்டத்தின் விளைச்சலையே பாதிக்கும் விஷயம்.

பழைய பவர் டில்லர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர், பட்டத்துக்கு முன்பு என்ஜினைப் பட்டறையில் கொடுத்து, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றிப் பிரித்துக் கட்டுகிறார்கள். பணம் செலவழித்துக் கட்டிய என்ஜின் வீட்டுக்கு வந்ததும் ஓட மறுக்கிறது. அல்லது ஓடினாலும் புகைகிறது, சுமை இழுக்க மறுக்கிறது, அடித்துக் கொள்கிறது. உடனே பதறிப் போய் மறுபடியும் பிரிக்கச் சொல்வது வழக்கம். இது தவறு. ஒரு முறை பிரித்தால் ஹெட் கேஸ்கட் போன்றவை வீணாகும். சரியாகப் பொருந்தியிருந்தவையும் கலைந்து விடும். புதிதாகக் கட்டிய என்ஜினில் வரும் கோளாறுகளில் பல, ஹெட்டைக் கழற்றாமலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யக் கூடியவை. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசைதான் முக்கியம்.

என்ஜினுக்கு வேண்டியவை நான்கு

நம் பகுதியில் நெடுங்காலமாக ஓடுபவை, பெங்களூரில் 1967-ல் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனத்தின் பவர் டில்லர்களும், கேரளத்தில் 1973-ல் தொடங்கப்பட்ட காம்கோ நிறுவனத்தின் பவர் டில்லர்களும் ஆகும். இரண்டுமே ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் பிறந்தவை. 12, 13 குதிரை சக்தி கொண்ட இந்த என்ஜின்களில் ஒரே ஒரு சிலிண்டர். அதுவும் படுத்த நிலையில் இருக்கும். தண்ணீரால் குளிர்விக்கப்படும் நான்கு ஸ்ட்ரோக் டீசல் என்ஜின்கள் இவை.

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது அந்தக் காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் போகிறது. அந்த வேளையில் நாசில் வழியாகப் புகைபோலப் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக் கொள்கிறது. ஆகவே என்ஜின் ஓட நான்கு வேண்டும்: போதிய காற்று, நல்ல அழுத்தம், சுத்தமான டீசல், சரியான நேரம். இந்த நான்கில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதே கோளாறு பார்க்கும் வேலை.

முதல் முறை கிளப்புவதற்கு முன்பு

பட்டறையிலிருந்து வந்த என்ஜினை உடனே கிளப்பக் கூடாது. முதலில் கிராங்க் கேஸில் எண்ணெய் சரியான மட்டத்தில் இருக்கிறதா, ரேடியேட்டரில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று உறிஞ்சும் வழியில் பட்டறைக்காரர் அடைத்து வைத்த துணி அப்படியே இருந்து விடுவதுண்டு. நெடுநாள் கொட்டகையில் கிடந்த சைலன்சரில் குளவி கூடு கட்டியிருப்பதும் உண்டு.

பிறகு டீசல் குழாயை மூடி, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு ஹேண்டிலை ஐம்பது சுற்றுச் சுற்ற வேண்டும். இதனால் புது பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேரும். சுற்றும்போது எங்காவது தடுத்தாலோ, உள்ளே இரும்பு முட்டும் சத்தம் கேட்டாலோ பலவந்தமாகச் சுற்றாமல் நிறுத்தி விட வேண்டும். வால்வு பிஸ்டனில் இடிப்பதாகவோ, கியர் குறி தவறியதாகவோ இருக்கலாம்.

இன்னொரு முன்னெச்சரிக்கையும் அவசியம். டீசல் பம்பின் உள்ளே போகும் ஊசி, கவர்னர் கவையின் பிளவில் சரியாக உட்கார வேண்டும். பம்பைத் திரும்பப் பொருத்தும்போது இது வெளியே நின்று விட்டால், கிளப்பியவுடன் என்ஜின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும். ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் குறையாது. டீசல் குழாயை மூடினாலும், பில்டரிலும் குழாயிலும் உள்ள டீசல் தீரும் வரை ஓடும். அப்போது காற்று உறிஞ்சும் வாயை ஒரு பலகையால் இறுக மூடி நிறுத்த வேண்டும். கையால் மூடக் கூடாது. ஆகவே முதல் முறை கிளப்பும்போது ஏர் கிளீனரைக் கழற்றி, அந்த வாய்க்குச் சரியான ஒரு பலகையைக் கையருகில் வைத்துக் கொள்வது நல்லது. பொருத்திய பம்பில் ஊசி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பட்டறையிலேயே கேட்டு உறுதி செய்து கொள்வது அதைவிட நல்லது.

கிளம்பவே இல்லை என்றால்

முதலில் பார்க்க வேண்டியது அழுத்தம். டீகம்ப்ரஷன் லீவரை விட்டுவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால், அழுத்தும் கட்டத்தில் அது கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். தளர்வாகச் சுற்றினால் அழுத்தம் எங்கோ கசிகிறது.

எங்கே கசிகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். பிஸ்டனை அழுத்தும் கட்டத்தில் நிறுத்தி, ஒருவர் ஹேண்டிலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கேட்க வேண்டும். ஏர் கிளீனர் பக்கம் உஸ் என்று சத்தம் வந்தால் காற்று உள்ளே வரும் வால்வு சரியாக உட்காரவில்லை. சைலன்சர் பக்கம் வந்தால் புகை போகும் வால்வில் கோளாறு. கிராங்க் கேஸ் மூச்சுக் குழாயில் வந்தால் ரிங் வழியாக இறங்குகிறது. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டில் கசிவு.

வால்வில் கசிவு என்றால் உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டேப்பெட் இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தாலும் வால்வு முழுவதும் மூடாது. பிஸ்டன் அழுத்தும் கட்டத்தின் உச்சியில், இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில், குளிர்ந்த என்ஜினில் இடைவெளியைத் தகடு விட்டு அளக்க வேண்டும். பெரும்பாலான சிறு டீசல் என்ஜின்களில் இது 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும். அந்தந்தக் கம்பெனியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. டீகம்ப்ரஷன் லீவர் முழுவதும் கீழே இறங்காமல் நின்றாலும் இதே குறை தோன்றும்.

ரிங்கில் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. நாசிலைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் மட்டும் விட்டு, நாசிலை மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் குறை ரிங்கில். கூடாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ. படுத்த சிலிண்டரில் எண்ணெய் கீழ்ப்பக்கமே தங்கி விடும் என்பதால், லீவரைத் தூக்கிக் கொண்டு இருபது சுற்றுச் சுற்றி எண்ணெயைப் பரவவிட்ட பிறகே சோதிக்க வேண்டும். தேக்கரண்டிக்கு மேல் எண்ணெய் விடக் கூடாது.

அழுத்தம் நன்றாக இருந்தால் அடுத்து டீசல். பிரித்துக் கட்டிய என்ஜின் கிளம்பாததற்கு அடிக்கடி காணப்படும் காரணம், டீசல் பாதையில் காற்று அடைத்துக் கொள்வதுதான். டீசல் குழாயைத் திறந்து, பில்டரில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தினால் குமிழியோடு டீசல் வரும். குமிழி நின்றதும் இறுக்க வேண்டும். அதேபோல் பம்பில் உள்ள திருகிலும் செய்ய வேண்டும். கடைசியாக நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை ஓடும் நிலையில் வைத்துச் சுற்றினால் டீசல் விட்டு விட்டுத் தெறிக்கும். பிறகு நட்டை இறுக்கிச் சுற்றினால் உள்ளே "கிர்க், கிர்க்" என்ற சத்தம் கேட்க வேண்டும். அது நாசில் நன்றாகப் பீய்ச்சுவதன் அடையாளம்.

பம்ப் வரை டீசல் வந்து, நாசில் குழாயில் வராவிட்டால் பம்பின் உள்ளே கோளாறு. குழாயில் வந்து, கிர்க் சத்தம் இல்லாவிட்டால் நாசிலில் கோளாறு. நாசிலை டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுத்து, அழுத்தமும் பீய்ச்சும் விதமும் சோதிக்க வேண்டும். வீட்டில் நாசிலை வெளியே மாட்டிச் சோதிக்கும்போது எக்காரணம் கொண்டும் கையை முன்னால் நீட்டக் கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய் விடும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம்.

நிலக்கடலை விளையும் இந்த மாவட்டத்துக்குப் பொருத்தமான ஒரு செய்தி: 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் என்ஜினை வெறும் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அதைக் கேட்டு இன்றைய என்ஜினில் கடலை எண்ணெய் ஊற்றக் கூடாது. கடலை எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. இன்றைய நாசிலின் நுண்ணிய துவாரங்களில் அது கரியாகப் படிந்து அடைத்து விடும்.

நேரம் தவறினால்

அழுத்தமும் உண்டு, டீசலும் உண்டு, ஆனாலும் கிளம்ப மறுக்கிறது அல்லது ஹேண்டில் திருப்பி அடிக்கிறது என்றால் நேரத்தைப் பார்க்க வேண்டும். கிராங்க் கியரிலும் கேம் கியரிலும் புள்ளிக் குறிகள் உண்டு. கட்டும்போது இவை நேருக்கு நேர் பொருந்த வேண்டும். ஒரு பல் தவறினாலும் என்ஜின் சரியாக ஓடாது.

டீசல் பம்புக்கு அடியில் மெல்லிய தகடுகள் (ஷிம்) இருக்கும். இவற்றைக் கூட்டினால் டீசல் பாயும் நேரம் தாமதமாகும், குறைத்தால் முந்தும். முந்தினால் என்ஜின் அடித்துக் கொள்ளும், ஹேண்டில் திருப்பி அடிக்கும். தாமதமானால் வெள்ளைப் புகை வரும், இழுவை குறையும், சூடு ஏறும். பிரிக்கும்போது எத்தனை தகடு இருந்ததோ அத்தனையும் திரும்ப வைத்தால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. பட்டறைத் தரையில் விழுந்து கிடக்கும் ஒரு மெல்லிய தகடு, ஒரு வார வேலையை வீணாக்கி விடும்.

இதைச் சோதிக்க, நாசில் குழாயைக் கழற்றி, பம்ப் வாயில் டீசல் ததும்பி நிற்கும்படி செய்ய வேண்டும். பிளைவீலை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றினால், அந்த டீசல் மட்டம் அசையத் தொடங்கும் நொடியில், பிளைவீல் விளிம்பில் டீசல் பாய்வதற்கென்று உள்ள கோடு, உடலில் உள்ள குறிக்கு நேராக வர வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு உள்ள கோடு வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

புகை சொல்லும் செய்தி

மாட்டுச் சந்தையில் பல்லையும் சுழியையும் பார்ப்பதுபோல, ஓடும் என்ஜினில் புகையைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகை: டீசல் எரியாமல் வெளியே போகிறது. குளிர்ந்த காலையில் சில நிமிடம் வருவது இயல்பு. சூடான பிறகும் வந்தால் அழுத்தக் குறைவு அல்லது நேரத் தாமதம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து வந்தால் அது நீராவி. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

நீலப் புகை: என்ஜின் எண்ணெய் எரிகிறது. புது ரிங் பழகும் வரை சில மணி நேரம் வந்து, நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாவிட்டால் எண்ணெய் மட்டம் அதிகமா, எண்ணெய்த் தொட்டி உள்ள ஏர் கிளீனரில் எண்ணெய் கூடுதலா என்று முதலில் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால் மட்டுமே ரிங்கைச் சந்தேகிக்கலாம்: ரிங் தலைகீழாகப் போடப்பட்டிருக்கலாம், அல்லது ரிங் வாய்கள் ஒரே வரிசையில் நிற்கலாம்.

கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் கிளீனர் அடைப்பு, நாசில் சொட்டுவது, அல்லது அளவுக்கு மீறிய சுமை.

ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை

சுமை கொடுக்கும்போது என்ஜின் வேகமே குறைகிறதா, அல்லது என்ஜின் அதே வேகத்தில் ஓட வண்டி மட்டும் நிற்கிறதா என்று முதலில் கவனிக்க வேண்டும். என்ஜின் வேகம் குறையாமல் வண்டி மட்டும் நின்றால் குறை என்ஜினில் இல்லை. வி-பெல்ட் நழுவுகிறது அல்லது கிளட்ச் பிடிக்கவில்லை. பெல்ட் இழுப்பைச் சரிசெய்தால் போதும்.

சிறிது நேரம் நன்றாக ஓடிப் பிறகு மெல்ல மெல்ல நின்று போனால், டீசல் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துவாரத்தைப் பார்க்க வேண்டும். சேறு படிந்து அது அடைபட்டால் டீசல் இறங்காது. டீசல் பில்டர் அடைப்பும் இதே குறையைத் தரும்.

சத்தமும் சூடும்

மெல்லிய "டிக் டிக்" சத்தம் டேப்பெட்டில் வருவது. சுமை கூடும்போது கனமாக "டக் டக்" என்று அடித்தால் கனெக்டிங் ராடு பேரிங் அல்லது டீசல் நேரம் முந்தியதைச் சந்தேகிக்க வேண்டும். பிளைவீல் நட் தளர்ந்தாலும் கனமான சத்தம் வரும். பேரிங்கைக் குறை சொல்லும் முன் அதை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

எண்ணெயைப் பார்க்கும் அளவுகோலை ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்ப்பது அவசியம். எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால், லைனரின் அடி ரப்பர் வளையம் அல்லது கேஸ்கட் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. எண்ணெய் மட்டம் தானே உயர்ந்து, டீசல் வாடை வந்தால் டீசல் இறங்குகிறது. இந்த இரண்டிலும் அதன் பிறகு ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. இந்த நிலையில் மட்டுமே மறுபடியும் பட்டறைக்குப் போவது தவிர்க்க முடியாதது. ஓட்டினால் புதிய பேரிங் போய் விடும், செலவு இரட்டிப்பாகும்.

புது என்ஜினைப் பழக்குவது

கட்டிய என்ஜினைச் சுமையில்லாமல் மெதுவாக நாள் கணக்கில் ஓட விட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. ரிங்குகளை லைனரோடு அழுத்திப் பழக்குவது எரியும் வாயுவின் அழுத்தமே. சுமை இல்லாவிட்டால் அந்த அழுத்தம் குறைவு; லைனர் கண்ணாடிபோல மழமழத்து, எண்ணெய் மேலே ஏறிக் கொண்டே இருக்கும். மறுபுறம், முதல் நாளே ஆழச் சேற்றில் இறக்குவதும் கெடுதல். இறுக்கமாக உள்ள பிஸ்டன் சூடேறிப் பிடித்துக் கொள்ளும்.

முதல் ஒரு மணி நேரம் சுமையில்லாமல் மிதமான வேகத்தில் ஓட்டி, தண்ணீர், எண்ணெய்க் கசிவுகளைப் பார்க்க வேண்டும். ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன வரிசையில் மறுபடி இறுக்கி, டேப்பெட் இடைவெளியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். பிறகு 20 முதல் 25 மணி நேரம் வரை புழுதி உழவு, காலி டிரெய்லர், தண்ணீர் இறைப்பு போன்ற லேசான வேலைகளைக் கொடுத்து, படிப்படியாகச் சுமையைக் கூட்டலாம். அதன் பின் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே முழுவதும் வடித்துப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். வடித்த எண்ணெயில் மெல்லிய இரும்புத் துகள் மினுங்குவது இயல்பு. சிறு துண்டுகள் கிடந்தால் இயல்பல்ல. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டக் கூடாது. புகையில் உயிரைப் பறிக்கும் வாயு உண்டு.

பட்டறையில் கேட்டு வாங்க வேண்டியவை

என்ஜினைத் திரும்பப் பெறும்போது நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும்: பிஸ்டன், லைனர் அளவு, ரிங் வாய் இடைவெளி, டேப்பெட் இடைவெளி, பம்புக்கு அடியில் உள்ள தகடுகளின் எண்ணிக்கை. மாற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் கோளாறு வந்தால் இந்தத் தாள் பாதி வேலையைக் குறைக்கும். எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை என்ற தகராறும் வராது.

நாற்றங்கால் விடும் முன்பே முடிவு

பவர் டில்லரைச் சரிசெய்வதற்கான காலம் நாற்று விட்ட பிறகு அல்ல, அதற்கு முன்பு. என்ஜின் கட்டி, 25 மணி நேரம் ஓட்டிப் பழக்கிய பிறகே நாற்றங்கால் விடுவது என்று வைத்துக் கொண்டால் கவலை இல்லை. அது முடியாமல் போய், நாற்று விட்ட பன்னிரண்டாம் நாள் வரை என்ஜின் சரியாகவில்லை என்றால், அதை அப்படியே ஓரமாக வைத்து விட்டு, வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ, பக்கத்து விவசாயியிடமோ வாடகைக்கு இயந்திரம் பேசி வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம். அப்போது பேசினால் முறை கிடைக்கும்; இருபதாம் நாள் பேசினால் எல்லோரும் சேற்றில் இருப்பார்கள். என்ஜினை நடவுக்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக் கொள்ளலாம். முற்றிப் போன நாற்றை மீண்டும் இளநாற்றாக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.